அச்சத்துக்குச் சத்து மாத்திரையா?

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வீசிங்குக்கு மருந்து வாங்கப் போகிறவர் கையில், இழுப்பை அடக்கும் மருந்தோடு ஒரு சத்து மாத்திரை அட்டையும் வந்து சேர்வது இன்று புதுமையல்ல. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம், லைகோபீன் என்று அட்டையின் பின்புறம் ஒரு நீண்ட வரிசை இருக்கும். இது எதற்கு என்று கேட்டால், உடம்பில் சேர்ந்த நச்சை முறிக்கும், சளி குறையும், நெஞ்சுப் படபடப்பும் பயமும் அடங்கும் என்று பதில் வரும். இதழ்களின் மருத்துவப் பக்கங்களும் யூடியூப் ஆலோசனைகளும் இதையே கொஞ்சம் அறிவியல் பூசிச் சொல்கின்றன: நாள்பட்ட ஆஸ்துமாவும் அதோடு வரும் மனப்பதற்றமும் ஒரே வேரில் முளைப்பவை, அந்த வேர் ஆக்சிஜனேற்ற அழுத்தம், ஆகவே ஆன்டிஆக்சிடென்ட் கொடுத்தால் மூச்சும் சீராகும், மனமும் அடங்கும். ஒரே மாத்திரையில் இரண்டு நோய் தீர்வதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் இந்தக் கூற்றைச் சான்றுகளின் முன் நிறுத்தினால் அது நிற்பதில்லை. அதைவிடப் பெரிய கேடு ஒன்றையும் அது செய்கிறது. மூச்சுக்குத் திணறுகிறவரின் அச்சத்தை அவருடைய உடம்பின் சத்துக் குறைவாகக் கணக்கெழுதிவிட்டு, அந்த அச்சத்துக்குக் காரணமான அரைகுறைச் சிகிச்சையையும் அழுக்குக் காற்றையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். ஆக்சிஜனேற்ற அழுத்தம் கட்டுக்கதை அல்ல. ஆஸ்துமாவில் மூச்சுக்குழலின் உட்சுவர் தொடர்ந்து அழற்சியில் இருக்கிறது. அங்கே திரளும் வெள்ளணுக்கள், அக்கம்பக்கத்துத் திசுக்களைத் தாக்கும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு, கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை, அனல்மின் நிலையச் சாம்பலில் கலந்த உலோகத் துகள்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்து அந்தச் சுமையைக் கூட்டுகின்றன. லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம்கூட நுரையீரலின் உட்பரப்பை மூடியிருக்கும் திரவத்தில் வைட்டமின் சி, ஈ அளவுகள் குறைந்திருப்பதை 1999-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. மூளைப் பக்கமும் ஆதாரம் உண்டு. 2005-ல் நேச்சர் இதழில் வந்த எலி ஆய்வு, கிளையாக்சலேஸ் 1, குளூட்டாதயோன் ரிடக்டேஸ் 1 என்ற இரண்டு நொதிகளுக்கும் பதற்றத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தது. ஆக்சிஜனேற்ற அழுத்தமே பதற்றத்தின் வேர் என்று பேசுகிறவர்கள் இந்த ஆய்விலிருந்துதான் தெம்பு பெறுகிறார்கள். அவர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. இவ்விரண்டும் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான உடலின் தற்காப்போடு தொடர்புடைய நொதிகள். எலிகளின் மூளையில் இவற்றைக் கூட்டியபோது பதற்றம் குறையவில்லை, அதிகரித்தது. ஆக, தொடர்பு இருக்கிறது என்பது வரை சரி. ஆன்டிஆக்சிடென்ட் ஏறினால் அச்சம் இறங்கும் என்ற எளிய கணக்குக்கு அந்தத் தொடர்பில் இடமில்லை.

அடுத்து மூச்சு. ஆய்வுக்கூடத்தில் பொருந்துவது நோயாளியிடம் பொருந்துகிறதா என்பதற்கு ஒரே தேர்வு, ஒரு குழுவுக்கு மருந்தும் மறு குழுவுக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுவதுதான். ஆன்டிஆக்சிடென்ட்களுக்கு அந்தத் தேர்வு ஒரு முறையல்ல, பல முறை வைக்கப்பட்டிருக்கிறது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் வைட்டமின் சி 16 வாரம் கொடுத்தார்கள். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் பயன் தெரியவில்லை. 2004-ல் தோராக்ஸ் இதழில் வந்த ஆய்வில் 72 பேரில் ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ 500 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம், பயனில்லை. 2007-ல் லண்டனில் 197 பேரிடம் செலினியத்தை 24 வாரம் சோதித்தார்கள், அதிலும் பயனில்லை. இவை போன்றவற்றைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013-ல் வைட்டமின் சி பற்றிய 11 ஆய்வுகளை அலசி, ஆஸ்துமாவுக்கு இதைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்று முடித்தது. இவையெல்லாம் சிறிய ஆய்வுகள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு மருந்து பலன் தரும் என்று சொல்கிறவருக்குத்தான் அதை நிறுவும் பொறுப்பு. சிறிய ஆய்வுகள் பல, வெவ்வேறு சத்துகளோடு, வெவ்வேறு ஆட்களிடம் நடந்து ஒரே பதிலைத் தரும்போது, அந்தப் பதிலை ஒதுக்கிவிட்டு அட்டையை நீட்டுவதற்கு நியாயம் கிடையாது.

குறைந்திருப்பதைக் கூட்டினால் ஏன் பலன் வரவில்லை? குறைபாடு நோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம், நோயின் விளைவாகவும் இருக்கலாம். அழற்சி எரிந்துகொண்டே இருப்பதால் சத்து செலவாகிறது என்றால், அழற்சியை விட்டுவிட்டுச் சத்தை மட்டும் நிரப்புவது ஓட்டையை அடைக்காமல் படகிலிருந்து தண்ணீரை இறைக்கும் வேலை. அதோடு, இந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெறும் நச்சுகளும் அல்ல. கிருமியைக் கொல்லவும் செல்களுக்கிடையே செய்தி சொல்லவும் உடல் அவற்றைப் பயன்படுத்துகிறது. இதை விளக்க நல்ல சான்று ஆஸ்திரேலியாவில் 137 ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வு. காய்களும் பழங்களும் நிறைய உண்டவர்களைவிட, அவற்றை மிகக் குறைத்து உண்டவர்களுக்கு நோய் தீவிரமாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அப்படிக் குறைத்து உண்டவர்களில் ஒரு பகுதியினருக்குத் தக்காளிச் சாற்றிலிருந்து எடுத்த லைகோபீன் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை. நம் மருந்துக் கடைகளில் சிவப்புத் திரவமாகப் பாட்டில் பாட்டிலாக விற்பனையாவது இதே லைகோபீன்தான். நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் பப்பாளியும் நம் சமையலிலும் மருத்துவ மரபிலும் வேரூன்றியவை அல்லவா என்பவர்களுக்கும் இந்த ஆய்விலேயே பதில் இருக்கிறது. அவை சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். ஆனால் சாப்பாடு நல்லது என்பதற்கான சான்றைத் திருடி மாத்திரையின் மேல் ஒட்டக் கூடாது. தினமும் இரண்டு காய், ஒரு பழம் வாங்க முடியாத கூலிக் குடும்பத்திடம், அந்தக் காசை மாத்திரைக்குக் கொடு என்று சொல்வது இரட்டைத் தவறு.

இனி அச்சம். ஆன்டிஆக்சிடென்ட் பதற்றத்தைத் தணிக்கும் என்பதற்கு இந்தியாவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ஜெய்ப்பூரில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வு. பதற்ற நோயும் மனச்சோர்வும் உள்ளவர்களுக்கு வைட்டமின் ஏ, சி, ஈ மூன்றையும் ஆறு வாரம் கொடுத்ததில் மனநிலை அளவீடுகள் மேம்பட்டன என்கிறது அது. அதை முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அது சொல்வதற்கு மேல் அதைப் பேசவைக்கவும் கூடாது. அது சிறிய ஆய்வு, குறுகிய காலம் நடந்தது, வழக்கமான மனநல மருந்துகளோடு சேர்த்துத்தான் வைட்டமின் கொடுக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் இருந்தவர்கள் மூச்சுக்குழல் சுருங்கியதால் அஞ்சியவர்கள் அல்லர். காரணமில்லாமல் எதைப் பார்த்தாலும் கவலைப்படுவது ஒரு நோய். மூச்சு நின்றுவிடுமோ என்று கவலைப்படுவதற்கு, மூச்சு நிற்கப்போவதுபோல் ஏற்கெனவே பல முறை ஆனதே காரணமாக இருக்கிறது. முன்னதற்குக் கிடைத்த அரைச் சான்றைப் பின்னதற்குக் கடன் வாங்க முடியாது.

ஆஸ்துமாவில் பதற்றம் பிறக்கும் விதத்தைப் பார்த்தாலே இந்த வேறுபாடு விளங்கும். மூச்சுக்குழல் சுருங்கும்போது வெளிவிடும் மூச்சு தடைபடுகிறது. பயந்தவர் வேகவேகமாக மூச்சு வாங்குகிறார். வேகமாக வாங்கும்போது உள்ளே போன காற்று முழுவதும் வெளியேற நேரமில்லை. நெஞ்சுக்குள் காற்று தேங்கி, இன்னும் இறுகுகிறது. வேறு சிலருக்கு அளவுக்கு மீறி மூச்சுவிட்டு ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் மரத்து, தலை சுற்றுகிறது. அதையும் நோய் முற்றுவதாக எண்ணிப் பயம் இரட்டிக்கிறது. நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து விடியும்வரை சுவரில் சாய்ந்திருப்பவருக்கு மறுநாள் இரவைப் பற்றிய அச்சம் மாலையிலேயே தொடங்கிவிடும். இந்தச் சுழலை உடைக்க வேண்டிய இடம் மூச்சுக்குழல். பதற்றத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது மருந்துச் சீட்டிலேயே எழுதியிருக்கும். மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் கை நடுக்கத்தையும் நெஞ்சுத் துடிப்பையும் கூட்டும். பம்ப் எனப்படும் இன்ஹேலரில் இழுப்பதைவிட மாத்திரையாக, சிரப்பாக விழுங்கும்போது இது இன்னும் அதிகம். தியோபிலின் தூக்கத்தைக் கெடுத்து ஒரு நிலைகொள்ளாமையைத் தரும். குணம் தரும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் அதில் இடைவெளி குறைவு. மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை மனநிலையை ஆட்டிப்படைக்கும். மான்டிலூகாஸ்ட் மாத்திரையால் மனநிலை மாற்றங்கள் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டைமேல் ஏற்றச் சொன்னது. ஆக, ஒரு நோயாளி படபடப்பு என்று சொன்னால் மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது, அவர் ஏற்கெனவே விழுங்குவது என்னென்ன என்று படிப்பது. அதைச் செய்யாமல் அந்தப் பட்டியலின் அடியில் ஒரு வைட்டமினைச் சேர்ப்பது, கேள்வியைக் கேட்காமலே பதில் எழுதுவதாகும்.

இத்தனையும் எந்த ஊர் நோயாளிக்கும் பொருந்தும். வடசென்னைக்காரரின் அச்சத்துக்கு ஊரும் ஒரு காரணம். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. எண்ணூர்ப் பக்கம் வல்லூரில் 1,500 மெகாவாட், வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதலிரண்டு கட்டங்களில் 1,830 மெகாவாட், 2024-ல் திறக்கப்பட்ட மூன்றாம் கட்டத்தில் 800 மெகாவாட் என நிலக்கரி எரிகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் மணலி 76.32 புள்ளி பெற்று, 70-க்கு மேற்பட்ட மிகவும் மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் நின்றது. இந்தக் காற்றை அளக்கும் முறையிலேயே ஓர் ஏமாற்று இருக்கிறது. கந்தக டை ஆக்சைடு ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழலைச் சில நிமிடங்களிலேயே சுருக்கிவிடும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் அந்த வாயுவுக்குப் பத்து நிமிட வரம்பு ஒன்றை வைத்திருக்கிறது, கன மீட்டருக்கு 500 மைக்ரோகிராம் என்று. இந்தியாவின் தேசியத் தரத்தில் பத்து நிமிடக் கணக்கே கிடையாது. ஆகக் குறைந்தது 24 மணி நேரச் சராசரி, அதன் வரம்பு 80. ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள் இருக்கின்றன. ஏதோ ஒரு பத்து நிமிடத்தில் காற்று 500-ஐத் தொட்டாலும், அது நாள் சராசரியில் கூட்டுவது மூன்றரை மைக்ரோகிராம்தான். காற்றுத் தர அறிவிப்புப் பலகையில் காற்று நன்றாக இருக்கும். எண்ணூர் அருகே எர்ணாவூரில் ஒருவர் பம்பைத் தேடிக்கொண்டிருப்பார். ‘காற்று நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் நரம்புத் தளர்ச்சி’ என்று அவரிடம் சொல்வது எவ்வளவு எளிது!

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் வேளையில் எண்ணூர் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தைக் கறுப்பாக்கியதும் அதே மாதம்தான். இப்படியொரு மாதத்தைக் கடந்த ஊரில் ஏற்கெனவே வீசிங் உள்ளவர் ஒரு புது நாற்றம் வந்ததும் நெஞ்சு படபடத்தால், அவருடைய மூளையில் ரசாயனக் கோளாறு என்று முடிவுகட்டுவது நியாயமா? அவருடைய மூளை சரியாக வேலை செய்கிறது என்றல்லவா சொல்ல வேண்டும்? அமோனியாவும் கந்தக டை ஆக்சைடும் மூச்சுக்குழலின் நரம்பு முனைகளை நேரடியாக உறுத்தி அதைச் சுருக்குகின்றன. காலையில் விழுங்கிய வைட்டமின் அந்த நிமிடத்தில் எந்தக் காவலும் தராது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றையும் இங்கேயே சந்திக்க வேண்டும். மெக்சிகோ நகரில் ஆஸ்துமா உள்ள 158 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஓசோன் கூடிய நாட்களில் போலி மாத்திரை உண்ட குழந்தைகளின் நுரையீரல் திறன் சற்றுக் குறைந்தது. வைட்டமின் சி, ஈ உண்ட குழந்தைகளிடம் அந்தக் குறைவு தெரியவில்லை, குறிப்பாக நோய் கடுமையாக இருந்தவர்களிடம். அழுக்குக் காற்றில் வாழ்கிறவர்களுக்குத்தானே இது தேவை, வடசென்னைக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆய்வு காட்டியது ஓசோனால் வரும் சிறு சரிவைத் தடுத்ததைத்தான். ஆஸ்துமாவைக் கட்டுக்குள் கொண்டுவந்ததையோ அச்சத்தைப் போக்கியதையோ அல்ல. எண்ணூரின் முதன்மைப் பகை ஓசோன் மட்டும் அல்ல. கந்தகம், நிலக்கரித் தூள், சாம்பல், டீசல் புகை எல்லாம் சேர்ந்த கலவை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே மெக்சிகோ நகரம் தன் குழந்தைகளின் மூச்சைக் காக்க வைட்டமினை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. நகருக்குள் அஸ்கபொட்சால்கோ பகுதியில் இருந்த பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1991-லேயே மூடப்பட்டது. மெக்சிகோவை முன்னுதாரணமாகக் காட்டுகிறவர்கள் அதையும் சேர்த்துக் காட்டட்டும்.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே என்பது அடுத்த வாதம். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் கெடுதல் இருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக வந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போரிடமும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்களிடமும் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் 28 விழுக்காடு கூடியதால் 1996-ல் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். ஆண்களுக்கு வைட்டமின் ஈ தொடர்ந்து கொடுத்ததில் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியதை 2011-ல் இன்னொரு பெரிய ஆய்வு கண்டது. பீடி பிடிக்கும் துறைமுகத் தொழிலாளியும், தூசியில் வெந்த ஆலைத் தொழிலாளியும் நிறைந்த பகுதியில் இந்த மாத்திரைகளைக் கேட்பாரற்றுக் கொடுப்பது எச்சரிக்கையே இல்லாத செயல். சத்துப்பொருள் என்ற பெயரில் விற்பனையாகும் பலவும் இந்தியாவில் மருந்துச் சட்டத்தின் கீழ் வருவதே இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளின்படி அவற்றின் அட்டையில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும். மருந்தல்ல என்று தானே சொல்லிக்கொள்ளும் ஒன்றை ஒரு நோய்க்கல்ல, இரண்டு நோய்களுக்கு மருந்தாக எழுதுவது என்ன முறை?

பெரிய இழப்பு வேறொன்று. மாத மருந்துச் செலவு என்று ஒரு குடும்பம் ஒதுக்குவது வரம்புள்ள தொகை. அதில் சத்து மாத்திரை எடுத்துக்கொள்ளும் பங்கு, உயிர் காக்கும் பம்பின் பங்கிலிருந்துதான் போகிறது. உலக ஆஸ்துமாச் சுமையில் சுமார் 13 விழுக்காடு இந்தியாவில் இருக்கிறது. ஆஸ்துமா மரணங்களிலோ 40 விழுக்காட்டுக்கும் மேல் இங்கே நிகழ்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வை வைட்டமின் குறைவால் விளக்க முடியாது. இந்தியாவின் பல நகரங்களில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், மூச்சிரைப்பு உள்ளவர்களில் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டைத் தினமும் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. விளக்கம் அங்கே இருக்கிறது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு அழற்சியைத் தணிக்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் எந்த நெருப்பிலிருந்து வருகிறதோ அந்த நெருப்பையே அடக்குகிறது. ஓராண்டில் பயன்படுத்தும் ஒவ்வொரு கூடுதல் பம்புக்கும் ஆஸ்துமா மரண வாய்ப்பு 21 விழுக்காடு குறைவதைக் கனடாவில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உடனடி நிவாரணம் தரும் பம்பை மட்டும் வைத்துக் காலம் தள்ளுவதை உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பு 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. பம்ப் போட்டால் பழகிவிடும், பம்ப் என்றால் கடைசிக் கட்டம் என்று இங்கே ஊறியிருக்கும் பயங்கள் வேறு. சத்து மாத்திரை அந்தப் பயத்தோடு கூட்டுச் சேர்கிறது. பம்பைத் தவிர்க்க நினைப்பவருக்கு அது ஒரு கௌரவமான சாக்காகிவிடுகிறது.

மூச்சு கட்டுக்குள் வந்த பிறகும் பதற்றம் சிலரிடம் தங்கிவிடும் என்பது உண்மை. பல ஆண்டுப் பயம் ஒரு மாதத்தில் விடைபெறாது. அதற்கும் சிகிச்சை இருக்கிறது, அது ஆன்டிஆக்சிடென்ட் அல்ல. எண்ணங்களையும் நடத்தையையும் மெல்லத் திருத்தும் உளவியல் சிகிச்சையை ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்த ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2016-ல் திரட்டியது. சான்று வலுவானதல்ல என்றாலும் வாழ்க்கைத் தரமும் பதற்றமும் மேம்படுவதற்கான அறிகுறிகள் இருந்தன. மெதுவாக, வயிற்றிலிருந்து மூச்சுவிடக் கற்றுத்தரும் பேப்வொர்த் முறையை 85 நோயாளிகளிடம் சோதித்து 2007-ல் வெளியான ஆய்வில் மூச்சுத் தொல்லையும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. இவையும் அற்புதம் செய்யவில்லை. ஆனால் எந்த நோயாளிக்குத் தேவையோ அதே நோயாளியிடம் சோதிக்கப்பட்டவை. ஸ்டான்லி மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவிலும் ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனையிலும் மூச்சுக்கு வருகிறவரிடம் தூக்கம், பயம் பற்றி இரண்டு கேள்வி கேட்டு, தேவைப்படுவோரை மனநலப் பிரிவுக்கு அனுப்புவதற்குப் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறது. எண்ணூர்க் குப்பங்களின் வாசலுக்கு ஸ்டீராய்டு பம்பையும், அதைச் சரியாக இழுக்கும் பயிற்சியையும் அதே பை சுமந்து வரலாம்.

காற்றைத் திருத்துவது ஒரு தலைமுறை வேலை, அதுவரை மாத்திரையாவது இருக்கட்டும் என்பவர்கள் வரலாற்றைப் பார்க்கட்டும். அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை வேலைநிறுத்தத்தால் 1986-87-ல் ஓராண்டளவு மூடிக் கிடந்தது. ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கை, மூடிய குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நோயாளிகளின் பம்புகளில் மின்னணு உணரி பொருத்திப் பயன்பாட்டை எண்ணினார்கள். 2016-ல் ஓர் அனல்மின் நிலையம் கந்தகம் நீக்கும் கருவி பொருத்தியதும், அவசரப் பம்பை இழுப்பது உடனடியாக 17 விழுக்காடு குறைந்தது. தலைமுறை எங்கே, மாதக் கணக்கு எங்கே? அந்த அனல்மின் நிலையம் மூடப்படவும் இல்லை. அதே கருவியை இந்திய அனல்மின் நிலையங்கள் பொருத்த வேண்டும் என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் விதித்து, இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. அவகாசம் திரும்பத் திரும்ப நீண்டது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்தாகிவிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களின் அருகே இருப்பவற்றுக்குக் கட்டாயம் எஞ்சியிருக்கிறது. வல்லூர், வடசென்னை அனல்மின் நிலையங்கள் சென்னையின் ஓரத்தில் இருப்பதால் அந்தக் கட்டாயத்தை இங்கே நடைமுறையாக்கக் கேட்பதுதான் வடசென்னையின் ஆஸ்துமாச் சிகிச்சையில் முதல் வரி.

நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வதை 2011 அக்டோபர் 1 முதல் நிறுத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரத்து வீடுகளில் படிந்த கரித்தூளுக்கு ஒரு முடிவு வந்தது. காற்றை உத்தரவால் மாற்ற முடியும் என்பது அந்தப் பாடத்தின் ஒரு பாதி. மறு பாதி கசப்பானது: அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம் மாறியது. ராயபுரத்தில் தாங்க முடியாதது என்று நீதிமன்றம் கண்ட ஒன்று, வடக்கே தாங்கக்கூடியதாகிவிட்டது. இப்படித் தள்ளிவைத்துத் தள்ளிவைத்து, கடைசியில் தள்ள இடமில்லாத இடத்தில் வாழ்பவரிடம்தான், உன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவு, சத்து மாத்திரை சாப்பிடு என்கிறார்கள். ஆன்டிஆக்சிடென்ட் வாதத்தின் அரசியல் இதுதான். அதை விரும்பிச் சொல்கிறவர் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு சொல்கிறார்கள் என்பதல்ல. ஆனால் அது யாருடைய சுமையை யார் தலையில் ஏற்றுகிறது என்று பார்த்தால், புகைபோக்கியின் பொறுப்பை நோயாளியின் தட்டுக்கு மாற்றுவது தெரியும்.

இந்த மறுப்பு அறிவியலின் கதவை மூடிவிடச் சொல்லவில்லை. ஆன்டிஆக்சிடென்ட் ஆஸ்துமா நோயாளிகளின் பதற்றத்தைக் குறைக்கும் என்று உறுதியாக நம்புகிறவர்கள் அதை நிறுவட்டும். ஆஸ்துமாவுக்கு முறையான ஸ்டீராய்டு பம்ப் இரு தரப்புக்கும் கொடுத்து, ஒரு தரப்புக்கு மட்டும் கூடுதலாக அந்த மாத்திரையைத் தந்து, பதற்றத்தை அளவுகோலால் அளந்து, ஓராண்டு கழித்து முடிவை வெளியிடட்டும். அப்படியொரு ஆய்வு பலன் காட்டினால் இந்தக் கட்டுரையின் பாதி வாதம் தோற்கும். காற்றைப் பற்றிய பாதி அப்போதும் நிற்கும். அதுவரை நோயாளி தன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எனக்குத் தினசரி ஸ்டீராய்டு பம்ப் எழுதியிருக்கிறீர்களா, நான் அதைச் சரியாக இழுக்கிறேனா என்று பார்த்தீர்களா, என் படபடப்பு நான் சாப்பிடும் மருந்தாலேயே வருகிறதா? நாம் அரசிடம் கேட்க வேண்டியவையும் மூன்று: கந்தகம் நீக்கும் கருவி எப்போது, பத்து நிமிடக் காற்று அளவீடு எப்போது, குப்பத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பம்ப் தடையில்லாமல் கிடைப்பது எப்போது? இந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் வந்த பிறகு அச்சம் மிஞ்சியிருந்தால், அப்போது மாத்திரையைப் பற்றிப் பேசலாம்.